மதுவிலிருந்து மீள உதவும் குழுக் கூட்டங்கள்: பொருத்தமான கூட்டத்தைக் கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: மாலை ஏழு மணி. பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன. குடியை நிறுத்த வேண்டும் என்று பல மாதங்களாக எண்ணி, இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பிப்போன ஒருவர், ஒருவழியாக உள்ளே வந்து கதவோரத்து நாற்காலியில் அமர்கிறார். அங்கே பேசப்படுவது அவருக்குச் சரளமாக வராத மொழி. இருப்பவர்களில் பெரும்பாலோர் அவரைவிட இருபது வயது மூத்தவர்கள். அன்றைய பேச்சு பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது படியைப் பற்றியது. முதல் படி எதுவென்றே அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் எழுந்து போகிறார். 'அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது' என்று வீட்டில் சொல்லிவிடுகிறார். அடுத்த முயற்சிக்கு ஓராண்டு ஆகலாம். அப்படியொரு முயற்சியே இல்லாமலும் போகலாம்.

இவ்வாறு திரும்பிப்போகிறவர்கள், கூட்டம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதே நகரில், அதே வாரத்தில், அவருடைய மொழியில், புதிதாக வருபவர்களுக்கென்றே நடத்தப்படும் இன்னொரு கூட்டம் இருந்திருக்கக்கூடும். அதைத் தேடிப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிக்கும் அதிகமானோருக்கு மதுவால் ஏற்பட்ட பாதிப்புக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் சுமார் 2.9 கோடி பேர். இந்த நிலையில் உள்ள 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகக் கூறியுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மருத்துவமனைகளும் மறுவாழ்வு மையங்களும் எட்டாத இந்த இடைவெளியில், கட்டணமும் பதிவேடும் இல்லாமல் நடக்கும் ஒரு மணி நேரக் கூட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

ஒரே பெயர், வெவ்வேறு குழுக்கள்

இத்தகைய கூட்டங்களில் பரவலாக அறியப்பட்டது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் ஏ.ஏ. அமைப்பு. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் உள்ள அக்ரன் நகரில், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் ஒருவரும் அவ்வூர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்ததில் தொடங்கியது இது. இருவருமே குடிநோயாளிகள். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசும்போது குடிக்கும் வேட்கை தணிகிறது என்ற அனுபவம்தான் அமைப்பின் அடித்தளமாக அமைந்தது. 1950-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த இவ்வமைப்பின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இயங்குகிறது.

உறுப்பினராக இருப்பதற்குக் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். நுழைவுக் கட்டணமோ சந்தாவோ கிடையாது. கூட்டத்தின் இறுதியில் ஒரு பை சுற்றிவரும். உறுப்பினர்கள் இயன்றதை இடுவார்கள், இடாமலும் இருக்கலாம். வெளியாரிடமிருந்து நன்கொடை பெறுவதில்லை என்பது அமைப்பின் மரபு. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, முகவரி கேட்கப்படுவதில்லை. 'நான் இன்று கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்' என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை.

புதியவர்கள் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஏ.ஏ.-யில் ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது. மேலிருந்து ஆணையிடும் தலைமை எதுவும் இல்லை. நேரம், மொழி, பேசும் முறை, வழிபாட்டுச் சாயல் கூடுதலா குறைவா, தேநீர் உண்டா இல்லையா என்பதுவரை அந்தந்தக் குழுவே முடிவு செய்கிறது. ஆகவே செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமைக் கூட்டத்தை எடைபோட முடியாது. ஒரே கட்டடத்தில் நடந்தாலும் இரண்டும் வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு சூழல்.

கூட்டத்துக்கு முன் மருத்துவமனை

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது உடல்நிலை. நாள்தோறும் அதிக அளவில் பல ஆண்டுகள் குடித்து வந்தவர், 'நாளை முதல் ஒரு சொட்டும் இல்லை' என்று சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை முதல் சில மணி நேரங்களில் தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கடும் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும், காய்ச்சலும் ஏற்படக்கூடும். காலையில் எழுந்ததும் நடுக்கத்தைப் போக்கவே குடிக்க வேண்டியிருப்பவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், கல்லீரல் பாதிப்பு உள்ளவர் ஆகியோர் முதலில் செல்ல வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்தும், தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து முதல் வாரத்தைப் பாதுகாப்பாகக் கடத்துவார்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இதன் கடுமை பொதுவெளியில் தெரிந்தது. கேரளத்தில் மது கிடைக்காத நிலையில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. மருத்துவரின் சீட்டு வைத்திருப்போருக்கு மது வழங்கலாம் என்று அம்மாநில அரசு ஆணை பிறப்பித்தது. மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. திடீர் நிறுத்தத்துக்கான தீர்வு மது அன்று, மருத்துவம் என்பதே மருத்துவர்களின் வாதமாக இருந்தது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணவருக்கோ மகனுக்கோ தெரியாமல், குழம்பிலோ காபியிலோ 'குடியை மறக்கடிக்கும் மருந்து' கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. விளம்பரங்களும் அதைத் தூண்டுகின்றன. டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது மது உள்ளே சென்றால் கடும் வாந்தி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்பட்டு உயிரே போகலாம். நோயாளியின் முழுச் சம்மதத்தோடும் மருத்துவக் கண்காணிப்போடும் மட்டுமே தர வேண்டிய மருந்து அது.

உடல் ஓரளவு தெளிந்த பிறகு, அல்லது மருத்துவர் இசைந்தால் சிகிச்சையின்போதே, கூட்டத்துக்குச் செல்லலாம். பல மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் வாரம் ஒருமுறை வெளி உறுப்பினர்கள் வந்து கூட்டம் நடத்துகிறார்கள். ஒருவர் தன் வாழ்நாளில் பார்க்கும் முதல் கூட்டம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். மையத்தை விட்டு வெளியேறிய நாளில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுவதுதான் சிக்கல். ஆகவே, வீட்டருகே எங்கே கூட்டம் நடக்கிறது, யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரத்தை வெளியே வருவதற்கு முந்தைய நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மொழி, இடம், நேரம்

ஏ.ஏ. கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என இருவகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மனைவி, சகோதரர், மருத்துவ மாணவர் எனத் துணைக்கு வருபவர்களும் அமரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டு அதை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். தனியாக வரத் தயங்குபவர் திறந்த கூட்டத்தில் தொடங்குவது எளிது. குடும்பத்தார் முன்னிலையில் வாய் திறக்க முடியாதவருக்கு மூடிய கூட்டமே ஏற்றது. ஒருவர் தன் கதையை நெடுநேரம் சொல்வது, எல்லோரும் சில நிமிடங்கள் பேசுவது, பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்துப் படிப்பது, புதியவர்களுக்கென அடிப்படைகளை விளக்குவது என நடைமுறையும் மாறும். படிகளைப் படிக்கும் கூட்டத்தில் முதல் நாளே போய் அமர்ந்தால், நடுவகுப்பில் நுழைந்த மாணவனின் நிலைதான்.

இந்தியாவில் மொழியைக் கடைசியாகக் கருதுகிறார்கள். முதலில் கருத வேண்டியது அதுதான். வெட்கத்தையும் பயத்தையும் ஒருவர் சொல்லக்கூடிய மொழி பெரும்பாலும் வீட்டு மொழி. மும்பையில் ஆங்கிலம், இந்தி, மராத்தி எனப் பல மொழிகளில் கூட்டங்கள் நடக்கின்றன. அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலம் பேசுபவர்கூட, தந்தையை அடித்த இரவைப் பற்றி ஆங்கிலத்தில் பேச முடியாமல் தடுமாறுவார். வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். தொடர்பு எண்ணில் பேசும்போது முதல் கேள்வியாக, 'எந்த மொழியில் நடக்கிறது?' என்று கேட்பதில் தவறில்லை.

மொழியோடு பின்னியே வருவது வர்க்கம். நகரின் வசதியான பகுதியில் நடக்கும் ஆங்கிலக் கூட்டத்தில் கட்டடத் தொழிலாளி அந்நியமாக உணரலாம். தொழிலாளர் குடியிருப்பில் நடக்கும் கூட்டத்தில் நிறுவன அதிகாரி, 'இவர்கள் அளவுக்கு நான் மோசமாகவில்லை' என்று ஆறுதல் தேடிக்கொள்ளலாம். இரண்டாவது அதிக ஆபத்தானது என்பதைப் பழைய உறுப்பினர்கள் நன்கறிவார்கள். வேற்றுமைகளை எண்ணத் தொடங்கினால் வெளியேற ஆயிரம் காரணம் கிடைத்துவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, இருவேறு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அருகில் இருந்தால்தான் தொடர்ந்து போக முடியும். மிக அருகில் இருந்தால் தெருவில் உள்ளோர் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் வரும். பத்தாண்டுகளாகத் தெருவே பார்த்துக்கொண்டிருந்த குடியை மறைக்க முடியாதபோது, குடியை நிறுத்தப் போவதை மறைப்பானேன் என்று தோன்றலாம். ஆயினும் அந்தத் தயக்கம் உண்மையானது. முதல் மாதம் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளிப் போய்விட்டு, துணிவு வந்த பிறகு அருகில் உள்ள குழுவுக்கு மாறிக்கொள்வது ஒரு நடைமுறை வழி.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க எளிய கேள்வி ஒன்று உண்டு: வழக்கமாக எத்தனை மணிக்குக் குடிக்கத் தொடங்குவீர்கள்? வேலை முடிந்து மதுக்கடை வழியாக வீடு திரும்பும் ஏழு மணிதான் ஒருவரின் சோதனை நேரமென்றால், ஞாயிறு காலைக் கூட்டத்தால் அவருக்குக் கிடைக்கும் பயன் குறைவு. அந்த ஏழு மணியிலேயே உட்கார ஒரு நாற்காலி வேண்டும். சம்பள நாளும் பண்டிகை நாளும் கூட அப்படித்தான். தொடக்கத்தில் 90 நாள்களில் 90 கூட்டங்கள் என்று பழைய உறுப்பினர்கள் அறிவுறுத்துவதுண்டு. கூட்டங்கள் குறைவாக உள்ள ஊர்களில் அது நடவாத காரியம். வாரத்துக்கு இரண்டு நேரடிக் கூட்டம், மற்ற நாள்களில் இணையவழிக் கூட்டம் அல்லது ஒரு தொலைபேசி உரையாடல் என்று ஈடுகட்டலாம்.

2020 ஊரடங்கு இணையவழிக் கூட்டங்களைப் பரவலாக்கியது. சிற்றூர்களில் இருப்போர், இரவுப் பணியில் உள்ளோர், வீட்டை விட்டுத் தனியே வெளியேற இயலாத பெண்கள் ஆகியோருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. முகத்தைக் காட்டாமல் கேட்க முடிகிறது. அதே வசதிதான் குறையும்கூட: கேமராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே கூட்டம் கேட்பவரை யாரும் கண்டுகொள்ள முடியாது. நேரில் வந்தால் அருகில் இருப்பவர் மூச்சு வாடையிலேயே அறிந்து, கூட்டம் முடிந்ததும் தேநீர் குடிக்க அழைத்துப்போவார்.

தேவாலயக் கூடமும் கடவுளும்

பல நகரங்களில் இக்கூட்டங்கள் தேவாலய வளாகங்களிலும் பள்ளிகளிலும் நடக்கின்றன. மதமாற்றத்துக்கு அழைக்கிறார்களோ என்ற ஐயம் சில குடும்பங்களில் எழுகிறது. குறைந்த வாடகைக்கு, மாலை நேரத்தில், கேள்வி கேட்காமல் அறை தருவோர் குறைவு என்பதே அதற்கு எளிய காரணம். ஏ.ஏ. எந்த மதத்தோடும் இணைந்ததன்று. தன் உறுப்பினர்களிடம் மதத்தைக் கேட்பதுமில்லை.

எனினும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பற்றிய பேச்சு வருகிறது. கூட்டம் பிரார்த்தனையோடு முடிவதும் வழக்கம். தத்தமது புரிதலுக்கேற்ற ஒரு மேலான ஆற்றல் என்று அதற்கு விரிந்த பொருள் கொள்கிறார்கள். குழுவையே அந்த ஆற்றலாகக் கொள்ளும் நாத்திகர்களும் உண்டு. அதுவும் ஒவ்வாதவர்களுக்கு மாற்று வழிகள் இருக்கின்றன. 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ஸ்மார்ட் ரிகவரி' அமைப்பு, ஆன்மிகத்தைத் தவிர்த்து, வேட்கையைத் தூண்டும் எண்ணங்களைக் கண்டறிந்து மாற்றும் உளவியல் பயிற்சிகளைக் கையாளுகிறது. அதன் கூட்டங்களில் இணையவழியாகவும் பங்கேற்கலாம். புனேயில் அனில் அவசட், சுனந்தா அவசட் இணையர் 1986-இல் தொடங்கிய முக்தாங்கண், சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற மையங்கள், சிகிச்சையோடு குடும்பத்தாருக்கான ஆலோசனையையும் தொடர் கவனிப்பையும் இணைத்தவை.

மேற்குறிப்பிட்ட தேசிய ஆய்வின்படி மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். எனவே பெரும்பாலான கூட்டங்களில் ஆண்களே நிறைந்திருப்பார்கள். கதவைத் திறந்ததும் இருபது ஆண்கள் திரும்பிப் பார்க்கும் அறைக்குள் ஒரு பெண் நுழைவது எளிதன்று. பெண்களுக்கான தனிக் கூட்டம் உண்டா என்று கேட்கலாம். உள்ளூரில் இல்லையெனில் இணையத்தில் தேடலாம். புதியவருக்குக் கைகொடுத்து வழிநடத்தும் மூத்த உறுப்பினரை 'ஸ்பான்சர்' என்பார்கள். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதே இதில் நெடுநாள் வழக்கம். காரணம் விளக்க வேண்டியதில்லை.

எப்போது வெளியேறலாம்?

ஒரு கூட்டம் சலிப்பூட்டியது என்பதும் அது தீங்கானது என்பதும் வேறு. சலிப்பு தந்த கூட்டத்துக்கு இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம். தீங்கானதை உடனே விட்டுவிட வேண்டும். மனநலத்துக்காகவோ வலிப்புக்காகவோ மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவர் அங்கே இருந்தால், அவர் குழுவின் மரபையே மீறுகிறார். உறுப்பினர்கள் மருத்துவராகச் செயல்படக் கூடாது என்பது ஏ.ஏ.-யின் வெளிப்படையான நிலைப்பாடு. புதியவரிடம் கடன் கேட்பது, தொழில் பேசுவது, நெருக்கத்துக்கு முயல்வது, கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்வது ஆகியவையும் அப்படியே. ஏ.ஏ. தங்கும் விடுதியோ மறுவாழ்வு மையமோ நடத்துவதில்லை. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லி முன்பணம் கேட்கும் எந்த மையத்தையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் ஏற்படும் மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. ஒருவரைக் கட்டிப்போட்டும் அடித்தும் 'திருத்தும்' இடத்துக்கு அதில் இடமில்லை.

நல்ல குழுவை அறிய, கூட்டம் முடிந்த பிறகான பத்து நிமிடங்களைக் கவனித்தால் போதும். புதியவரிடம் யாராவது வந்து பேசுகிறார்களா, தொலைபேசி எண் தருகிறார்களா, மீண்டும் குடித்துவிட்டு வந்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். மீண்டும் குடித்துவிடுவது இந்நோயில் அடிக்கடி நேர்வது. அன்றைக்கே திரும்பி வர முடிகிற அறைதான் ஒருவருக்கு ஏற்ற அறை.

பயன் எவ்வளவு என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துள்ளது. 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களில் சேர முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் முற்றிலும் குடிக்காமல் இருந்தனர். வேறு உளவியல் சிகிச்சைகள் பெற்றோரில் அது 35 சதவீதம். ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதுவும் போதவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. எனவே மாத்திரையா, ஆலோசனையா, கூட்டமா என ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கான டெலி-மனாஸ் சேவையின் எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்திலும் ஊர் வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். இடம் மாறியிருக்கலாம் என்பதால் கிளம்புமுன் ஒருமுறை தொலைபேசியில் உறுதிசெய்துகொள்வது, பூட்டிய கதவு முன் நின்று திரும்புவதைத் தவிர்க்கும்.

குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் போக ஓர் இடம் உண்டு. 1951-இல் தொடங்கிய 'அல்-அனான்' குழுக்கள் குடிநோயாளிகளின் உறவினர், நண்பர்களுக்கானவை. அதன் இளையோர் பிரிவு 'அலட்டீன்'. கணவர் குடியை நிறுத்தினால்தான் சேரலாம் என்ற நிபந்தனை இல்லை. அவரை எப்படித் திருத்துவது என்று கேட்டு வரும் மனைவியரிடம், நேற்றிரவு நீங்கள் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். தனக்குப் பொருந்துமா என்று முடிவெடுக்கும் முன் குறைந்தது ஆறு கூட்டங்களுக்காவது வந்து பாருங்கள் என்பது அக்குழுக்களில் புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. இயன்றால் ஆறும் ஒரே குழுவில் இல்லாமல் வெவ்வேறு குழுக்களில் இருக்கட்டும் என்றும் சொல்வார்கள்.